அப்பாவின் கையொப்பம் ஏன் செல்லவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்தில் உழைத்துக் கிடைத்த ஈ.பி.எப். காசில் அப்பா வாங்கியது 10 பேர்ச் காணி. அதன் எல்லை வழக்கில் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றோம். மேன்முறையீட்டுக்கு மறுபடியும் சட்டத்தரணி வைக்க வழியில்லை. சி.ஆர். கொப்பித் தாளில் அப்பாவே தமிழில் மேன்முறையீட்டு அறிவித்தல் எழுதி, ஒப்பம் வைத்து, 9ஆம் நாளே கொடுத்துவிட்டார். அடுத்துக் கொடுக்க வேண்டிய மேன்முறையீட்டு மனுவும் நாள் தவறவில்லை. கண்டி மேல் நீதிமன்றத்தில் வழக்கு எடுத்த அன்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து சொன்னது ஒன்றுதான்: பழைய சட்டத்தரணியின் புரொக்சி (வழக்கை நடத்த அவருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) ரத்தாகவில்லை, ஆகவே இந்த ஒப்பம் செல்லாது. காணியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல் மேன்முறையீடு தள்ளுபடியானது.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 755ஆம் பிரிவு, மேன்முறையீட்டாளரோ அவருடைய பதிவு பெற்ற சட்டத்தரணியோ அறிவித்தலில் ஒப்பமிட வேண்டும் என்கிறது. அந்த ‘ஓ’வை நம்பித்தான் அப்பா ஒப்பமிட்டார். புரொக்சி வழக்கேட்டில் இருக்கும்வரை கட்சிக்காரர் தாமே ஒப்பமிட முடியாது, நீதிமன்ற அனுமதியோடு முதலில் அதை ரத்துச் செய்ய வேண்டும் என்பது மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் இருக்கிறது. சாதாரண மனிதன் அதை எங்கே போய்ப் படிப்பான்?

நாள் கணக்கும் அப்படித்தான். அறிவித்தலுக்கு 14 நாள்; தீர்ப்பு நாள், கொடுக்கும் நாள், ஞாயிறு, போயா போன்ற பொது விடுமுறைகள் கணக்கில் சேராது, சனிக்கிழமை சேரும். மனுவுக்கு 60 நாள். அதைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ண வேண்டும், அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மாவட்ட நீதிமன்ற மேன்முறையீடுகளை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்கிறது. ஆனால் இரண்டு பத்திரங்களையும் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். நேரே கண்டிக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை.

மலையகத்து நீதிமன்றங்களில் வழக்கு நடப்பது சிங்களத்தில். தமிழில் மனுக் கொடுக்கவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அப்படியிருக்க, தோற்றவர் கையில் இந்த நாள் கணக்கையும் புரொக்சி விடயத்தையும் தமிழில் அச்சடித்த அரைப் பக்கத் தாளாகத் தீர்ப்பன்றே கொடுக்க என்ன தடை? நீதி அமைச்சு இதைச் செய்ய வேண்டும். அதுவரை தங்கள் பத்திரிகையாவது பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எங்களுக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. தீர்ப்பு வாசித்த அன்றே அங்கே போய்விடுங்கள்.

ஒரு வாசகி,
ஹட்டன்.