செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் நகர்வாழ் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின.

பூங்காச் சுவரோரம் நட்ட வெட்சி, அதாவது நாட்டு இட்லிப்பூ வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. “நர்சரியில் குட்டை ரக இட்லிப்பூ கிடைக்கும்போது நாட்டுச் செடி எதற்கு?” என்று பலர் கேட்டார்கள். இது நம் மண்ணின் செடி, ஆளுயரம் தாண்டி வளரும். தேன்சிட்டு காம்பில் தொற்றிக்கொண்டு, வளைந்து, அந்த நீண்ட பூக்குழலுக்குள் அலகை விடுவதைக் காலை நடைக்கு வருவோர் இப்போது நின்று பார்க்கிறார்கள். பழம் கருஞ்சிவப்பானதும் சின்னான் குருவிகள் வருகின்றன. வெயில்படும் மூலையில் ஆவாரை வைத்தோம். அதன் பூவில் தேன் கிடையாது. பெரிய கருந்தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உறுமி, அந்த அதிர்விலேயே மகரந்தத்தை உதிர்த்து எடுத்துப் போகிறது.

கோடையில் வெட்சியின் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றபோது, “சங்கப் பணம் வீண்” என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். வெட்சி புளிப்பு மண் கேட்கும். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மக்கிய இலையெரு போட்டு, இரும்பு உப்பான அன்னபேதியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினோம். மழையும் பெய்தது, புதுத் துளிர் பச்சையாகவே வந்தது. அதைக் குழுவில் யாரும் எழுதவில்லை.

அதற்குள் ஓர் உறுப்பினர் யாரையும் கேட்காமல் ஆள்வைத்து வரிசையைச் சதுரமாகக் கத்தரித்துவிட்டார். வெட்சி கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். அந்தப் பக்கம் பல வாரம் பூவே இல்லை.

நடவுக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. குழி தோண்டியவர்கள் தூய்மைப் பணியாளர்களும் மூன்றாம் தெரு அக்காமார்களும்தான். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. தலைவருக்கும் செயற்குழுவுக்கும் நன்றி.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியிருக்கிறது. சந்தா பாக்கி மட்டும் குறையவில்லை. பாக்கி வைத்திருப்பவர்களே மோட்டார் கரண்ட் பில்லைப் பற்றிக் கேள்வி கேட்பது வருத்தமளிக்கிறது.

வரும் ஆண்டு மழைநீர்த் தொட்டி கட்டினால்தான் வெட்சி நிலைக்கும். சந்தா வந்தால் கட்டலாம். கோடையில் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். நோட்டு என் மேசையில் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் பெயர் எழுதிவிட்டுப் போகலாம்.