போல்டு போட்டா நீலம் எங்க போச்சு

எலே மக்கா,

நல்லாருக்கியா? போன வாரம் நீ போன்ல கேட்டதுக்கு நின்னு பதில் சொல்ல முடியல, அன்னைக்குத்தான் அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்சாவ. வீட்டுக்கு வந்ததும் கொடியில கெடந்த சேலையப் பாத்துட்டு "இது நீலமாலே, நான் கருப்புன்னுல்லா நெனச்சு உடுத்திக்கிட்டு இருந்தேன்"னு சொன்னா. புரை முத்தமுத்த லென்சு மஞ்சளாயிரும், நீலம் சரியா தெரியாது. எனக்கு உடனே ஒன் டைரக்டரி நெனப்புதான் வந்துச்சு.

டெர்மினல்ல, அதான் கட்டளை டைப் பண்ணுற திரையில, சோலரைஸ்டுங்க கலர் தீம் போட்டதுல இருந்து, ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கட்டளைய அடிச்சா டைரக்டரி (ஃபோல்டர்) பேரெல்லாம் நீலம் போயி சாம்பலா வருது, தீம் கெட்டுப்போச்சான்னு கேட்டல்லா. கெடல. எல்எஸ் டைரக்டரிக்கு 01;34ன்னு டெர்மினலுக்கு ஒரு கோடு அனுப்புது, 34ன்னா 4ஆம் நம்பர் கலர், அதான் நீலம், 1ன்னா போல்டு. இந்த 1க்கு ஸ்டாண்டர்டுலயே ரெண்டு அர்த்தம், தடிச்ச எழுத்து, இல்லன்னா வெளிச்சம் கூட்டுறது. 1981ல ஐபிஎம் பிசியோட வந்த சிஜிஏங்க டிஸ்ப்ளே கார்டுல எழுத்துக் கலருக்கு நாலே பிட்டு, சிவப்பு பச்சை நீலத்துக்கு மூணு, வெளிச்சத்துக்கு ஒண்ணு, தடிச்ச எழுத்துக்கு அங்க வழியே கெடையாது, அதனால அந்தப் பிசில ஓடுன டாஸ்ல போல்டுன்னு வந்தா அந்த நாலாவது பிட்ட ஏத்தி விட்டாவ. லினக்ஸ் கன்சோல், எக்ஸ்டெர்ம்னு பொறவு வந்த டெர்மினல்லயும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டு, 0ல இருந்து 7க்குள்ள உள்ள கலர் எதுக்குப் போல்டு போட்டாலும் எட்டு கூடி 8ல இருந்து 15க்குப் போயிரும்.

2011ல வந்த சோலரைஸ்டுல இந்த மேல் எட்டு எடத்துல ஆறு எடத்த பேக்ரவுண்டுக்கும் சாதா எழுத்துக்கும் வேண்டிய மங்கல் கலருக்கு எடுத்துக்கிட்டாவ. 12ல இருக்கது வெளிர்நீலம் இல்லலே, டார்க் தீம்ல சாதா எழுத்துக்கு உள்ள அதே சாம்பல். ஒன் 4 போயி 12 ஆயிட்டு, அவ்வளவுதான். ஓடுற ஃபைலுக்கு (புரோகிராமுக்கு) 01;32, அதான் பச்சை, அது 2ல இருந்து 10க்குப் போயி இன்னும் மங்கிரும். ஃபைலுக்குள்ள வார்த்தை தேடுற கிரெப்ல மாட்டுன வார்த்தை சிவப்புக்குப் பதிலா ஆரஞ்சா வரும் பாரு, அதுவும் இதே கதைதான்.

க்னோம் டெர்மினல்னா ப்ரொஃபைல்ல கலர்ஸுக்குள்ள போ, போல்டு எழுத்த பிரைட் கலர்ல காட்டுன்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்து விடு. எக்ஸ்டெர்ம்னா போல்டுகலர்ஸுங்க செட்டிங்க ஃபால்ஸ் ஆக்கணும்.

போல்டுன்னா எழுத்து தடிக்கணும், நாம பாத்துப் பாத்து வச்ச கலர்ல கை வைக்கக் கூடாதுன்னுதான் நான் நெனைக்கேன். பிரைட் வேணும்னா அதுக்குன்னே 90ல இருந்து 97 வரைக்கும் தனி கோடு இருக்குல்லா. ஆனா ஒண்ணு, டிக்க எடுத்த அன்னைக்கு ராத்திரி ஆபீஸ்ல என் பழைய ஸ்கிரிப்ட ஓட்டுனா டைம் காட்டுற பத்தியையே காணோம், லாக் எழுதலையோன்னு அர மணி நேரம் பதறிப் போயிட்டேன். கடைசியில மவுஸ வச்சு இழுத்து செலக்ட் பண்ணுனா எல்லாம் அங்கனதான் இருக்கு, என்னைக்கோ நான் 1;30ன்னு எழுதி வச்சிருந்தேன், முன்னால அது கரும்சாம்பலா தெரிஞ்சது, இப்ப வெறும் கருப்பு, கருப்பு மேல கருப்பு. 90ன்னு மாத்துனதும் வந்துட்டு. இப்படி எழுதி வச்ச பழைய ஸ்கிரிப்டு எத்தன கெடக்கோ, அதனாலதான் இந்தப் பழக்கத்தச் சட்டுனு தூக்கிப் போட முடியல போல.

நீயும் மொதல்ல ஒன் ஸ்கிரிப்டுல 1;30 இருக்கான்னு தேடிப் பாத்துட்டு டிக்க எடு. எடுத்துட்டு எல்எஸ் அடிச்சு ஒரு போட்டோ அனுப்பு, நீலம் வந்துட்டான்னு பாக்கேன். அம்மா ஒன்னக் கேட்டுக்கிட்டே இருக்கா, தேருக்கு வருவியா?