குழந்தைத் துணிக்கு வயதும் அளவும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் 22 ஆண்டுகளாகத் தையற்கடை நடத்தி வருகிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்க என் தங்கை குடும்பத்தோடு ஒரு ஜவுளிக்கடைக்குச் சென்றிருந்தேன். தங்கையின் நான்கு வயது மகன், பெண் குழந்தைகள் பகுதியில் தொங்கிய ரோஸ் நிறச் சட்டை ஒன்றைத் தானாகவே எடுத்து, மார்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். விற்பனையாளர் அன்பாகத்தான் சொன்னார்: "தம்பி, அது பாப்பா கலருப்பா. உனக்கு ப்ளூ எடுத்துத் தரேன்." அவன் சட்டையை அப்படியே கீழே விட்டுவிட்டான். வீடு திரும்பும் வழியில், "பெரியம்மா, என் தண்ணி பாட்டில் மூடி ரோஸா இருக்கே, அதுவும் பாப்பாவோடதா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அந்தப் பாட்டிலைப் பள்ளிக்கு எடுத்துச் செல்ல மறுக்கிறான்.

இந்த நிறப் பிரிவினை நம்முடையதும் அல்ல, பழமையானதும் அல்ல. 1918-இல் அமெரிக்கக் குழந்தையாடை வணிக இதழ் ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறம் என்பதால் ஆண் குழந்தைக்கும், நீலம் மென்மையானது என்பதால் பெண் குழந்தைக்கும் பொருந்தும் என்று எழுதியது. பிறகு அது தலைகீழாக மாறியது. 1980-களில் கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்பதை ஸ்கேனில் அறிந்துகொண்டு, பிறக்கும் முன்பே துணிமணி வாங்கும் பழக்கம் அங்கே பரவியபோது இன்னும் இறுகியது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்வதே குற்றம். அது எதற்காக வந்த சட்டம் என்பதை மறந்துவிட்டு, இன்று வளைகாப்பு மேடைகளில் ரோஸ், நீலப் பலூன்களைக் கட்டி, வரப்போவது எது என்று விளையாட்டுக் காட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நம் வீடுகளில் இருந்த வழக்கமே வேறு. முடியிறக்கும் முன்பு ஆண் குழந்தைக்குப் பூச்சடை பின்னி, பாவாடை சட்டை உடுத்தி, நெற்றிச்சுட்டி வைத்து ஸ்டுடியோவில் எடுத்த படம் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. லாரி ஓட்டும் என் அண்ணனின் அப்படியொரு படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. பிள்ளைத்தமிழிலும் காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழு பருவங்கள் இருபாலருக்கும் பொதுவாகவே அமைந்திருக்கின்றன. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், அம்மானை, நீராடல், ஊசல் என்றும் வழி பிரிவது கடைசி மூன்றில்தான்.

நிறத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது துணியின் வெட்டு. சிறுவனின் கால்சட்டையில் பாக்கெட் இருக்கும், முழங்காலில் துணி தாராளமாக இருக்கும், விழுந்து புரண்டாலும் தாங்கும். சிறுமிக்கென்று வரும் கவுன்களிலோ பெரும்பாலும் பாக்கெட் இராது. அவளால் தானே போட்டுக்கொள்ள முடியாதபடி முதுகில் ஜிப் இருக்கும். அக்குளில் அரிக்கும் நெட் துணியும், ஓடினால் உதிரும் ஜிகினாவும் இருக்கும். சென்ற மாதம் அளவு கொடுக்க வந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, கைநிறையப் புளியங்கொட்டையை இறுக்கிப் பிடித்தபடி, "அத்தை, எனக்கும் பாக்கெட் வைங்க" என்று கேட்டாள். பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைக்க உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டுத் துணியும், பத்து நிமிட வேலையும் போதும். அந்தத் துண்டுகூடப் பெரும்பாலும் வெட்டில் மிஞ்சுவதிலேயே கிடைத்துவிடும். பெண் குழந்தைக்குக் கையில் வைத்துக்கொள்ள எதுவும் இராது, அவள் நின்று அழகாகத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம்தான் அந்த இடத்தை விட்டுவிடச் செய்கிறதே தவிர, செலவு அல்ல.

ரோஸ் நிறம் விரும்பும் சிறுமியிடமிருந்து அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் தம்பி கேட்டாலும் கொடுங்கள் என்கிறேன். இது நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி, 2018-இல் தொடங்கி, ஆண், பெண் குழந்தைகளுக்கு ஒரே மாதிரி முக்கால் கால்சட்டையைச் சீருடையாக்கியது. பிரிட்டனின் ஜான் லூயிஸ் கடைகள் 2017-இல் தங்கள் குழந்தையாடைகளில் ஆண், பெண் என்ற தனித்தனிச் சீட்டை எடுத்துவிட்டன. ஐரோப்பாவுக்குக் குழந்தையாடை தைத்து அனுப்பும் திருப்பூர் நமக்கு ஒரு மணிநேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. பாக்கெட் வைக்கவும் நிறம் கலக்கவும் தெரியாத ஊரல்ல அது.

பொங்கலுக்குப் புதுச் சரக்கை அடுக்கும்போதாவது, ஐந்து வயது வரையிலான துணிகளை வயது, அளவு வாரியாக மட்டும் பிரித்து வைக்குமாறு ஜவுளிக்கடை உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விற்பனைப் பிரிவில் நிற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: குழந்தை ஒரு சட்டையைக் கையில் எடுத்தால், அது அந்தக் குழந்தைக்குச் சரியான அளவா என்று மட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையற்கடைக்காரி,
ஈரோடு.