பார்சலுக்கு ஏற்ற தராசு

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையிலிருந்து சுங்குடிச் சேலைகளை இணையவழி விற்போர் பலர் சமையலறைத் தராசிலேயே பார்சலை நிறுக்கின்றனர். அதில் பெட்டியை வைத்ததும் எண்கள் மறைந்துவிடுகின்றன. எனவே, திரை தனியே நீண்டிருக்கும் தராசே ஏற்றது. 500 கிராமைச் சற்றே தாண்டினாலும் கட்டணம் அடுத்த படிக்கு ஏறக்கூடும் என்பதால், அது ஒரு கிராம் வரை பிரித்துக் காட்டுவதும் அவசியம். விலை குறைவு என்பதற்காக வாங்குவது வீண்.

ஆனால் தராசு மட்டும் போதாது. கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீள அகல உயரங்களை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மையான எடையுடன் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் விதிக்கின்றன. 40, 30, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்கு இது 7.2 கிலோ. விளாச்சேரிக் கொலுப் பொம்மைகளை உடையாதிருக்கப் பெரிய பெட்டியில் அனுப்புவோர், தராசுடன் அளவு நாடாவும் வைத்திருப்பது நல்லது.

இப்படிக்கு,
வாசகர், மதுரை.