சண்முகத்துக்கு, அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலந்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? நீ கொடுத்தனுப்பிய கடலை மிட்டாய் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. பாதிக்கு மேல் தின்றவர் மாப்பிள்ளை, பழி விழுந்தது பேரன் மேல்.

வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் நீ படிக்கமாட்டாய், கட்டை விரலைப் போட்டு விட்டுவிடுவாய். அதனால்தான் காகிதம். விஷயம் பேரனைப் பற்றியது. எட்டு வயது. காலையில் பள்ளி பஸ் வருகிற நேரத்துக்குச் சரியாக வயிற்றுவலி வந்துவிடுகிறது. டாக்டரிடம் காட்டியாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை. சனி ஞாயிறு வலி லீவு எடுத்துக்கொள்கிறது. மகள் வேறு பள்ளி தேடுகிறாள். இந்த ஊரிலேயே விசித்திரமான பள்ளி ஒன்று இருக்கிறது, சேர்க்கலாமா என்று யோசிக்கிறாள். “சண்முகம் மாமாகிட்ட கேளுங்கப்பா, முப்பது வருஷம் ஈராசிரியர் பள்ளியில இருந்தவர்” என்றாள். முப்பது வருஷம் வங்கியில் இருந்த அப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை பார்.

பள்ளியின் பேர் சட்பரி வேலி. 1968ல் தொடங்கியது. பெரிய பழைய கல் வீடு, பத்து ஏக்கர் நிலம், குளம், பக்கத்தில் காடு. நான்கு வயதிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது வரை பிள்ளைகள். வகுப்பு கிடையாது, மணி கிடையாது, பாடத்திட்டம், பரீட்சை, மார்க் எதுவும் கிடையாது. காலையில் வந்து நாள் முழுக்க அவரவருக்குத் தோன்றியதைச் செய்யலாம். வேலி என்று பேர் வைத்துக்கொண்டு பிள்ளைகளை இப்படி அவிழ்த்து விட்டிருக்கிறார்களே என்றேன். மகள் சிரிக்கவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, படித்துவிட்டுப் பேசுங்கள் என்று போய்விட்டாள். படித்தேன்.

அவிழ்த்து விட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னது தப்பு. சட்டதிட்டம் ஏகமாக இருக்கிறது. வாரத்துக்கொரு பள்ளிக் கூட்டம், ஆளுக்கு ஒரு ஓட்டு. நான்கு வயசுக் குழந்தைக்கும் ஒன்று, ஆசிரியருக்கும் ஒன்று. யாராவது விதியை மீறினால் புகார் எழுதிக் கொடுக்கலாம். விசாரிக்கிற குழுவிலும் எல்லா வயதுப் பிள்ளைகளும் முறை வைத்து உட்காருகிறார்கள். உனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. ஆசிரியர்களுக்கு அடுத்த வருஷம் வேலை உண்டா என்பதை வருஷா வருஷம் ரகசிய வாக்கெடுப்பில்தான் முடிவு செய்கிறார்கள். மாதப் பரீட்சைக்கு மறுநாள் உன் பள்ளியில் அப்படி ஓட்டு நடந்திருந்தால் நீ அன்றைக்கே ரிட்டயர் ஆகியிருப்பாய்.

பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேனியல் கிரீன்பெர்க். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், 2021ல் காலமானார். ஒரு கணக்குக் கதை எழுதியிருக்கிறார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு டஜன் பிள்ளைகள் வந்து, எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். முதலில் நம்பவில்லை, நேரத்துக்கு வரவேண்டும் என்று கறாராகப் பேசிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். 1898ல் வந்த ஒரு பழைய கணக்குப் புத்தகம், வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரைமணி. இருபது வாரத்தில் கூட்டல் கழித்தலில் தொடங்கி பின்னம், சதவீதம் வரை முடிந்தது. கூட்டிப் பார், மொத்தம் இருபது மணி நேரம். ஆறு வருஷத்துப் பாடம் அது என்கிறார். கேட்காத பிள்ளைக்குச் சொல்லித்தரத்தான் ஆறு வருஷம் ஆகிறது என்பது அவர் கட்சி.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதுவல்ல. பிள்ளைகளை வயசு வாரியாகப் பிரிக்காமல் கலந்து விடுவதுதான் எங்கள் ரகசிய ஆயுதம் என்று அதே மனிதர் சொல்லியிருக்கிறார். பாஸ்டன் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கிரே, தன் மகன் இங்கே படித்ததால் பள்ளியை ஆராயத் தொடங்கியவர், யார் யாரோடு சேருகிறார்கள் என்று கவனித்துக் கணக்கெடுத்தார். பிள்ளைகள் பேசுவது, விளையாடுவது எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் இரண்டு வயதுக்கு அதிகமான இடைவெளி. கால்வாசியில் நான்கு வயதுக்கும் அதிகம்.

அதைப் படித்ததும் நம் தெரு நினைவுக்கு வந்தது. ஒப்புக்குச் சப்பாணி! உன் தம்பியைக் கிட்டிப்புள்ளுக்குக் கூட்டி வந்து அப்படித்தானே நிறுத்துவோம்? அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, அடித்தாலும் கணக்கு இல்லை. ஆனால் ஆட்டம் முழுக்க நடுவில் நின்றான். ஒரு கோடை முடிவதற்குள் நம்மையே அடித்துத் துரத்தினான். அவனுக்கு யார் பாடம் எடுத்தோம்? நான்கு வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பந்து பிடிக்கவிட்டால் பந்து தரையில்தான் உருளும். எட்டு வயசு ஒன்று சேர்ந்தால் அது சின்னதின் கைக்குள்ளேயே மெதுவாகப் போடும். சின்னது கன்னாபின்னாவென்று எறிவதைத் தாவிப் பிடிக்கும். இரண்டுக்கும் அது ஆட்டம்தான். பீட்டர் கிரே இதை விளக்க, தெரிந்தவரோடு சேர்ந்தால் தனியாக முடியாததையும் பிள்ளை செய்துவிடும் என்ற ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கியைக் கூப்பிடுகிறார். நம்மிடம் இரண்டே சொல்லில் இருந்தது.

அப்புறம் உன் பள்ளி. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்த புதிதில் ஒருநாள் வந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு நீ பாயில் உட்கார்ந்திருந்தாய். சுவரில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணை, கம்பியில் பிள்ளைகள் வரைந்த படங்கள், ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே வட்டத்தில். ஒரு பெண், எட்டு வயசு இருக்கும், பக்கத்திலிருந்த பொடியனின் அட்டையைப் பார்த்து, ‘ற’ எழுத விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உனக்குக் கேட்காத குரலில் அவள் தனக்கும் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கிய அந்த அட்டை முறைக்கு மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலிப் பள்ளி என்று நீதான் சொன்னாய். அங்கேயும் ஒரு வேலி!

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாவம், வாத்தியார் பற்றாக்குறை, அதான் பிள்ளைகளை விட்டே சமாளிக்கிறீர்கள் என்றேன். நீ பதில் பேசவில்லை. இப்போது கூச்சமாக இருக்கிறது.

திண்ணைப் பள்ளியிலும் பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுத்தது உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் சென்னையில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், அங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை விட்டே பிள்ளைக்குக் கற்பிக்கிற ஏற்பாடு ஒன்றைச் செய்தார். 1797ல் அதைப் புத்தகமாக எழுத, ‘மெட்ராஸ் முறை’ என்ற பேரில் இங்கிலாந்தில் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளை வேறு, ஒப்புக்குச் சப்பாணியைச் சேர்த்துக்கொண்டவன் வேறு. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இருந்தது, வாத்தியார் நியமித்த ஆள். சட்பரி வேலியில் யாரும் யாரையும் நியமிப்பதில்லை. சின்னது வந்து ஒட்டிக்கொள்கிறது, பெரியது இஷ்டப்பட்டால் சேர்த்துக்கொள்கிறது. உன் பள்ளி இதில் எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏணிப்படியைப் போட்டது அரசாங்கம், விரலைப் பிடித்தது அந்தப் பெண்.

சரி, வங்கிக்காரன் சந்தேகத்தையும் எழுதிவிடுகிறேன். 1986ல் வெளியான ஆய்வில் சட்பரி வேலியின் பழைய மாணவர்கள் 69 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் மேற்படிப்புக்குப் போனவர்கள், பெரிய சிரமம் ஒன்றும் இல்லை என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சேர்ந்து, ஒத்துவராமல் சீக்கிரமே விலகியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஒழுங்காகக் கட்டி முடித்த கடன்களை மட்டும் வைத்து நான் கிளைக் கணக்கு எழுதியிருந்தால் ஆடிட்டர் விட்டிருப்பாரா? அதுவும் போக, கட்டணம் கட்டி, பிள்ளை எட்டு வயதில் ஒன்றும் படிக்காமல் மீன் பிடித்தாலும் தூங்கப்போகத் தெரிந்த அப்பா அம்மா வேண்டும். இங்கே சில பிள்ளைகள் நான்கு வயதில் வாசித்திருக்கிறார்கள், சிலர் பதினான்கில்தான். அந்தப் பத்து வருஷத்தை என் மகள் தாங்குவாளா? மாப்பிள்ளை தாங்கமாட்டார். நானும் தாங்கியிருக்கமாட்டேன். அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராதபோது நான் போட்ட சத்தம் உங்கள் வீடு வரை கேட்டதே.

நேற்று சாயங்காலம் பேரனோடு அந்தப் பக்கம் நடக்கப் போனேன். நின்று பார்த்தான். “தாத்தா, இங்க என்ன கிளாஸ்?” என்றான். கிளாஸே இல்லை என்றேன். “அப்ப நான் யாரோட இருப்பேன்?” என்று கேட்டான். என்ன செய்வேன் என்று கேட்கவில்லை பார், யாரோட என்றுதான் கேட்டான்.

மகள் இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லவேண்டும். நீ தீர்ப்புச் சொல்லவேண்டாம், இரண்டு விஷயம் மட்டும் எழுது. யாரும் விரட்டாமல் விட்டால் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதில் நீ பார்த்த அதிகபட்ச நாள் எத்தனை? அந்த ‘ற’ சொல்லிக்கொடுத்த பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?

உன்,
வேலு