வெல்ச் வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

வெல்ச் ஊரில் மருத்துவர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று நீ சொன்ன நாள் முதல் உன் அப்பா அந்த ஊரின் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பூட்டிய கடைகள், பலகை அடித்த ஜன்னல்கள், மலைச்சரிவில் சாய்ந்து நிற்கும் வீடுகள். "இவ்வளவு படித்த பிள்ளை அங்கேயா போக வேண்டும்?" என்று கேட்கிறார். அவர் படம் பார்க்கட்டும். வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராகக் காலம் தள்ளியவளுக்குப் படத்தில் நம்பிக்கை வருமா? நான் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வெல்ச் இருக்கும் மெக்டவல் கவுண்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிக்கு, உரிய மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1880இல் அங்கே 3,074 பேர். பிறகு ரயில் வந்தது, போகஹான்டஸ் என்று பெயர் பெற்ற அந்த வட்டார நிலக்கரிக்கு வழி பிறந்தது. 1900இல் 18,747, 1920இல் 68,571, 1950இல் 98,887. அதுதான் உச்சம். அடுத்த பத்தே ஆண்டுகளில் 27,000 பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். நிலக்கரி தீர்ந்துவிட்டதால் அல்ல. சுரங்கத்துக்குள் இயந்திரம் இறங்கியது. பல பேர் வெட்டியதைச் சில பேரே வெட்டினார்கள். எஞ்சியிருந்தவர்களை, அந்த நிலக்கரியை வாங்கிக்கொண்டிருந்த எஃகுத் தொழிலின் 1980களின் சரிவு அடித்தது. 2020 கணக்கில் 19,111 பேர்.

இந்த எண்ணை 1900ஆம் ஆண்டின் எண்ணோடு சேர்த்துப் பார். ஏறத்தாழ அதே தொகை. ஆனால் அன்றைக்கு இருந்தவர்கள் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள், ஹங்கேரியர்கள், இத்தாலியர்கள், மலைக்காரர்கள். பெரும்பாலும் கை கால் திடமான இளைஞர்கள். இன்று அங்கே மக்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுவயது 45ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்கா முழுவதற்கும் அது 39தான். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவன் ஏமாந்து போவான். இளையவர்கள் வெளியேறிய இடத்தில் நோயாளிகளின் விகிதம் தானாகவே ஏறும். நீ பார்க்கப்போவது அந்தக் கூட்டத்தைத்தான்.

நீ ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஒன்று: 2010 நிலவரப்படி மெக்டவல் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 64. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 82. இந்த இரண்டு கவுண்டிகளும் 1863 வரை ஒரே வர்ஜீனியா மாநிலத்தில் இருந்தவை. பதினெட்டு ஆண்டு வித்தியாசத்தை, அங்கே வயதானவர்கள் அதிகம் என்று காட்டி நான் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு வயதின் இறப்பு விகிதத்தையும் தனித்தனியே எடுத்துத்தான் ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிடுகிறார்கள், அதில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. நிலக்கரித் தூசு நுரையீரல், சர்க்கரை, இதயம், போதை மாத்திரை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மாத்திரை விஷயத்தில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. வலிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே? முதல் சில மாதம் உன்னைச் சந்தேகத்தோடு பார்த்தால் முகம் சுளிக்காதே.

வருமானக் கணக்குக்கு வருகிறேன். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 டாலர் அளவில் வருகிறது. நாடு முழுவதற்கும் அது 70,000க்கு மேல். ஏறத்தாழ மூவரில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. வேலையின்மை விகிதத்தைப் பார்த்தாலோ, பரவாயில்லை போலிருக்கிறதே என்று தோன்றும். தோன்றக்கூடாது. வேலை தேடுகிறவர்களைத்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்தவரும், உடம்பு முடியாமல் ஓய்ந்தவரும் அதில் வரமாட்டார்கள். அங்கே பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் உழைப்பாளர் கணக்கில் இருப்பவர்கள் மூவரில் ஒருவர் அளவுக்குத்தான். கவுண்டிக்குள் வரும் பணத்தில் பெரும் பங்கு ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, உணவு உதவி என அரசிடமிருந்து வருவது. உன்னோடு வேலை பார்க்கிறவர்களே இதை ஏளனமாகப் பேசக்கூடும். நீ பேசாதே. நுரையீரலைக் கொடுத்துவிட்டு வாங்கும் காசு அது.

அந்த உணவு உதவிக்கும் அங்கேதான் தொடக்கம். கென்னடி 1960இல் வாக்குக் கேட்டு அந்த மலைகளில் சுற்றினார்; பதவி ஏற்றதும் உணவு முத்திரைத் திட்டத்தை, அதாவது கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்கும் அரசுச் சீட்டை, முன்னோட்டமாகக் கொண்டுவந்தார். 1961 மே 29 அன்று முதல் முத்திரைகளை வாங்கியது மெக்டவலின் பெயின்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பம். வீட்டில் பதினைந்து பேர். 95 டாலருக்கு முத்திரை. கடையில் அதைக் கொடுத்து முதலில் எடுத்தது பன்றி இறைச்சி சேர்த்த பீன்ஸ் டப்பா ஒன்று. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கவுண்டி அந்தத் திட்டத்தின் பட்டியலிலிருந்து இறங்கவில்லை. அதற்காகத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நிலமும் நிலக்கரியும் பெரும்பாலும் வெளியூர் நிறுவனங்களின் கையில். வெட்டியதெல்லாம் ரயிலேறிப் போனது, லாபமும் கூடவே போனது. கவுண்டியிடம் மிஞ்சியது கழிவுக் குன்றும் பழைய குழாயும். ஏழை மாவட்டம் என்று எழுதுகிற கை, எவ்வளவு வெளியே போனது என்ற பத்தியையும் பக்கத்தில் எழுத வேண்டும். அந்தப் பத்தியை எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

அப்பாவின் படங்களில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மெக்டவலின் கிம்பல் ஊரில் 1928இல் கட்டிய ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது, முதல் உலகப் போரில் பங்கேற்ற கறுப்பினச் சிப்பாய்களுக்காக. பிழைக்க வந்த ஊரில் தங்கள் பிள்ளைகளுக்கு மண்டபம் கேட்டு வாங்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அதே கிம்பலில் வால்மார்ட் கடை 2016இல் மூடிக்கொண்டு போனது.

உன் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. பயிற்சிக்காக ஜே-1 விசாவில் அமெரிக்கா வந்த வெளிநாட்டு மருத்துவர்கள், அது முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்; மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை செய்தால் அந்த நிபந்தனையைத் தளர்த்துகிறார்கள். மாநிலத்துக்கு ஆண்டுக்கு முப்பது இடம். நீயும் அந்த வழியில்தான் போகிறாய், அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே உள்ளவர்களுக்கும் தெரியும், உன்னிடம் முதல் கேள்வியே "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். பொய் சொல்லாதே. மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு என்றே சொல்.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளாதே. நீ விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள்? இரவில் பிரசவ வலியோடு வருகிறவளை எங்கே அனுப்புவார்கள், மலைப்பாதையில் எத்தனை மணி நேரம்? பனி கொட்டும் நாளில் ஆம்புலன்ஸ் ஓடுமா? உனக்குத் தரும் வீடு ஆற்றோரமா, மேட்டிலா? 2001, 2002, மறுபடி 2025 என்று வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்குகளை விடவில்லை. குழாயில் வருவதைக் குடிக்கலாமா என்று மேலாளரிடம் கேட்காதே. அங்கே துப்புரவு செய்கிற அம்மாவிடம் கேள். சில ஊர்களில் இன்னும் சாலையோர ஊற்றில் குடம் வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

பதில்களை எழுதி எனக்கு அனுப்பு. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா