ஸ்கேனை மட்டும் பார்த்துக் கேன்சர் என்று சொல்லாதீர்கள்: வயிற்று அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

நடுவயதைத் தாண்டியவர்களின் இரைப்பைச் சுவரில் அபூர்வமாக ஷ்வான்னோமா என்றொரு நரம்புக் கட்டி வரும். புற்றுநோய் இல்லை. முழுசாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது மிக மிக அரிது. என் அம்மாவுக்கு வந்தது அதுதான். ஆனால் ஸ்கேன் வந்த அன்றே, "ஜிஸ்ட் மாதிரி இருக்கு, கேன்சர் வகைதான்" என்று வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டார்கள். ஜிஸ்ட் என்பதும் இரைப்பைச் சுவரில் வரும் கட்டிதான், ஆனால் புற்றுநோய் வகையில் சேர்ந்தது. அம்மா பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியை எடுத்து அண்ணி கையில் கொடுத்துவிட்டார்.

ஸ்கேனில் ஷ்வான்னோமாவும் ஜிஸ்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பது புரிகிறது. ஜிஸ்ட்தான் அதிகம் வருவது, முதலில் அதை நினைப்பதும் சரிதான். கட்டி உள்சவ்வுக்கு அடியில் இருப்பதால், எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் பயாப்ஸியில் பல நேரம் வெறும் சவ்வுதான் கிடைக்கிறது. புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனிலும் ஷ்வான்னோமா புற்றுநோய் போலவே பளிச்சென்று தெரியக்கூடும்.

பிரித்துக் காட்டுவது இம்யூனோ சோதனை; எடுத்த திசுவில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று சாயமேற்றிப் பார்ப்பது. எஸ்-100 என்ற புரதம் பாசிட்டிவ், சிடி117, டாக்-1 என்ற புரதங்கள் இரண்டும் நெகட்டிவ் என்றால் ஷ்வான்னோமா. 1988-லேயே ஜப்பானிய மருத்துவர்கள் குடலிலும் இரைப்பையிலும் வரும் இந்தக் கட்டியைத் தனியாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். இம்யூனோ முடிவு வரும்வரை "கட்டி இருக்கிறது, என்ன வகை என்று பார்க்கிறோம்" என்று சொன்னால் போதாதா? அதில் பொய் ஒன்றும் இல்லையே.

இன்னொன்று, இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை. பெரிய கட்டி என்றால் ஆபரேஷனுக்கு முன் சுருக்குவதற்காக அதைக் கொடுப்பதுண்டு. ஜிஸ்டில் அது பெரிய வரம். ஷ்வான்னோமாவில் எந்தப் பலனும் இல்லை. வயதானவருக்கு முகவீக்கமும் வாந்தியும்தான் மிச்சம். ஊகத்தின்மேல் அதை ஆரம்பிக்காதீர்கள். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் ஊசி வைத்துத் திசு எடுத்து, அதில் எஸ்-100-ஐயும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரி. அம்மாவுடையதில் இன்றும் கேள்விக்குறியோடு 'ஜிஸ்ட்' என்றுதான் இருக்கிறது. இம்யூனோ முடிவு பிறகு வந்ததால் அது தனித்தாளாகக் கிடக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில்கூட, "கேன்சருக்கு என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று அம்மாவையே கேட்டார்கள். முடிவு வந்ததும் சம்மரியைத் திருத்தி, புற்றுநோய் இல்லை என்று தமிழிலும் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்